எஃப்சி முடிஞ்ச வண்டிகள்

டிஸ்கி: இது ஃபுட்பால் பதிவு. கிரிக்கெட் தவிர வேற எதையும் தொட மாட்டேன்னு சபதம் போட்டவங்களும் வரலாம், நடுவுல சூப்பர் கிங்ஸ் வருது :-) பதிவு நீளம். கோவத்துல எழுதினது, வெட்ட மனசு வரல.

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தக் கடைப் பக்கம் வந்தே மாசக்கணக்கு ஆச்சு. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் நம்ம நண்பர் ஒருத்தர் போட்ட பதிவுதான். "நம்மூர்ல ஃபுட்பால் கிளப்பு மூடினா என்ன, தொறந்தா என்ன, பார்க்கறதுக்கு ஆளா இருக்கு?"ன்னு கேட்டிருந்தார். அங்கயே பின்னூட்டம் போடலாம்னு ஆரம்பிச்சேன். பதினாலாவது வரியில இது பின்னூட்டம் இல்ல, தனிப்பதிவுன்னு தெரிஞ்சு போச்சு. அதான்.

எங்க ஊர் சங்ககிரி. தெரியாதவங்களுக்கு: சேலத்துல இருந்து ஈரோடு போற வழியில ஒரு மலை, மேல கோட்டை. தீரன் சின்னமலையை 1805ல தூக்குல போட்ட கோட்டை. கீழ ஊர் முழுக்க லாரி. எங்க ஊர்ல எஃப்சின்னா ஃபுட்பால் கிளப் இல்லீங்க. அஞ்சாங்கிளாஸ் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், எஃப்சின்னா வண்டிக்கு எடுக்கறது. டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடிச்சு, பிரேக் லைட் எல்லாம் சரி பண்ணி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டு போய் நிறுத்தினா, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துட்டு "இந்த வண்டி ரோட்டுல ஓடலாம்"னு குடுக்கற பேப்பர். அது இல்லாத வண்டி ரோடு ஏறக் கூடாது. அந்தப் பேப்பர்லயே முடியற தேதி இருக்கும். தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே வண்டி பட்டறைக்குப் போயிரும். எஃப்சி முடியற தேதியை மறந்துட்டு தூங்கற ஓனரை நான் எங்க ஊர்ல பார்த்ததில்ல.

இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க. இப்ப ஃபுட்பாலுக்கு வர்றேன்.

2025 ஆகஸ்டு முதல் வாரம். 4ஆம் தேதி பெங்களூரு எஃப்சி ஒரு அறிக்கை விட்டாங்க: முதல் அணி ஆட்டக்காரங்க, ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையறை இல்லாம நிறுத்தி வைக்கிறோம். அடுத்த நாள் ஒடிசா எஃப்சி, ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்கிறோம்னாங்க. அதுக்கு அடுத்து நம்ம சென்னையின் எஃப்சி. கிளப்போட செயல்பாடுகளைத் தற்காலிகமா நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க. 2015லயும் 2018லயும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கின டீம். ரெண்டு ஃபைனல்லயும் வெளியூர்ல போய், 3-2ன்னு ஜெயிச்ச டீம். ஒரு பக்கத்துக்கும் கம்மியான அறிக்கையில ஷட்டரை இறக்கிட்டாங்க.

ஏன்? கதை இதுதான். 2010 டிசம்பர்ல அகில இந்திய கால்பந்து சம்மேளனம், அதாங்க ஏ.ஐ.எஃப்.எஃப்., ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி.யும் சேர்ந்த கம்பெனியோட 15 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு. மொத்தம் 700 கோடி. கடைசிக் காலத்துல வருஷத்துக்கு 50 கோடி. இந்த ஒப்பந்தம் மேல கட்டின வீடுதான் 2014ல ஆரம்பிச்ச ஐ.எஸ்.எல். லீக்கை நடத்தினது எஃப்.எஸ்.டி.எல். கம்பெனி. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடியுது. சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சா நடுவுல பேப்பர் காலாவதி ஆயிரும். அதனால 2025 ஜூலை 11ஆம் தேதி எஃப்.எஸ்.டி.எல். கடிதம் எழுதுச்சு, அடுத்த சீசனை நிறுத்தி வைக்கிறோம்னு. லீக் இல்லைன்னா டிக்கெட் இல்ல, ஸ்பான்சர் இல்ல, டிவி காசு இல்ல. கிளப்புங்க கையை விரிச்சிருச்சு.

மக்களே, மறுபடி அந்தத் தேதியைப் பாருங்க. 2010ல கையெழுத்துப் போட்டப்பவே முடியற நாள் தெரியும். 15 வருஷம்! எங்கூரு ஓனர் ஒருத்தர் 15 வருஷம் முன்னாடியே தெரிஞ்ச எஃப்சி தேதியைக் கோட்டை விட்டார்னா, டீக்கடையில அவரை வெச்சு ஒரு வாரத்துக்கு ஓட்டுவாங்க. இங்க கோட்டை விட்டவங்க யாருக்கும் ஒரு நாள் சம்பளம் கூட நின்ன மாதிரி தெரியல. நின்னது பந்து உதைக்கிறவனுக்கு, பந்து பொறுக்கிப் போடறவனுக்கு, ஜெர்சி துவைக்கிறவனுக்கு, பிசியோவுக்கு.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். சம்மேளனத்தோட சட்ட விதிகள் பத்தின வழக்கு வருஷக் கணக்கா உச்ச நீதிமன்றத்துல இருந்துச்சு. தீர்ப்பு வர்ற வரைக்கும் புது ஒப்பந்தம் பேச வேணாம்னு கோர்ட்டே சொல்லியிருந்துச்சு. தீர்ப்பு 2025 செப்டம்பர் 19ல வந்துச்சு. அதனால கடைசி சில மாசத்துக்கு சம்மேளனத்து மேல மட்டும் பழி போட முடியாது. ஆனா அந்த வழக்கு அவ்வளவு வருஷம் இழுக்கற அளவுக்கு வீட்டை வெச்சிருந்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?

சரி, தீர்ப்பு வந்துச்சே, ஏலம் விட்டாங்களான்னா, விட்டாங்க. அக்டோபர்ல டெண்டர். வருஷத்துக்குக் குறைஞ்சது 37.5 கோடி, இல்ல மொத்த வருமானத்துல 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் 7ஆம் தேதி பெட்டியைத் தொறந்தா ஒரு கவர் கூட இல்ல. நாட்டோட மொத்த ஃபுட்பால் லீக்கையும் ஏலத்துக்கு வெச்சு, கேட்க ஒரு ஆள் வரல. டிசம்பர் கடைசியில மும்பை சிட்டியில 65 சதவீதம் பங்கு வெச்சிருந்த சிட்டி ஃபுட்பால் குரூப், மான்செஸ்டர் சிட்டியோட முதலாளிங்க, கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. 2026 ஜனவரியில சுனில் சேத்ரி, குர்ப்ரீத் மாதிரி ஆட்டக்காரங்க எல்லாம் வீடியோவுல வந்து, இந்திய ஃபுட்பாலைக் காப்பாத்துங்கன்னு ஃபிஃபாகிட்டக் கேட்டாங்க. தன் நாட்டு சம்மேளனத்து மேல நம்பிக்கை போய், தபால் ஆபீஸ் தாண்டி கலெக்டருக்கு மனு போடற கதை.

அப்பறம் மத்திய அரசு உள்ள வந்து, 2026 பிப்ரவரி 14ஆம் தேதி ஒரு குட்டி லீக் தொடங்குச்சு. 14 டீம், 91 மேட்ச், ஒருத்தரோட ஒருத்தர் ஒரே ஒரு தடவை. சென்னையினும் அதுல ஒண்ணு. "அதான் நடந்துச்சே, இன்னும் என்னய்யா பொலம்பல்?"னு கேட்பீங்க. வர்றேன். அதுக்கு முன்னாடி கோயமுத்தூர் போயிட்டு வந்துரலாம்.

2019. நான் கோவையில இன்ஜினியரிங் கடைசி வருஷம். மார்ச் 9ஆம் தேதி, சனிக்கெழம. நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி எஃப்சிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக் கடைசி மேட்ச். பேர்தான் சென்னை, ஆடினது கோவையில. ஜெயிச்சா சாம்பியன். தவறினா, அதே நேரத்துல கோழிக்கோட்டுல ஆடிட்டு இருந்த ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிரும்.

ஊர்ல இருந்து என் சித்தி பையன் பஸ் ஏறி வந்தான். அப்ப அவனுக்கு பதினஞ்சு வயசு. எடது காலு. எங்கூரு மலையடிவாரத்துல கல்லும் மண்ணுமா கெடக்குற மைதானத்துல வெறுங்கால்ல ஆடுவான், ரெண்டு பேரை ஏமாத்திட்டு மூணாவது ஆளுக்காகக் காத்துட்டு நிப்பான். அவனுக்காகத்தான் போனேன், எனக்கு அப்ப ஃபுட்பால்னா ஹாஸ்டல் பிளேஸ்டேஷன் மட்டும்தான்.

மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியம் கப்சிப். ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்சி பெனால்டில சமன் பண்ணினார். அந்த சீசன்ல அவருக்கு அது 21ஆவது கோல். அப்பறம் கௌரவ் போரா. டிஃபெண்டருங்க அவரு! ரெண்டு கோல் அடிச்சார். 3-1. சென்னை சிட்டி 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக் ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு டீம். பக்கத்துல யாருன்னே தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப் புடிச்சாரு. பாக்கு வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு. சித்தி பையன் அழுதுட்டு இருந்தான், கேட்டா "தூசிண்ணா"ன்னான்.

அந்த டீம்ல ஸ்பெயின்ல இருந்து வந்த நாலு பேரைப் பத்திதான் பேப்பர்ல எழுதினாங்க. எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது வேற. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம பசங்க அதுல ஆடினாங்க. அதுக்கு முந்தின வருஷம் மைக்கேல் சூசைராஜ் அங்க ஆடித்தான் பெரிய லீக்குக்குப் போனார். கன்னியாகுமரி கடக்கரைப் பையன். நண்பர் கேட்டாரே, கிளப் இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு. இதுதான் பதில். கிளப்புங்கிறது ஏணியில ஒரு படி. பதினஞ்சு வயசுப் பையன் அண்ணாந்து பார்த்தா, அடுத்த படி கண்ணுக்குத் தெரியணும். அன்னிக்கு சாயங்காலம் எங்க சித்தி பையனுக்குத் தெரிஞ்சுச்சு.

அப்பறம் என்னாச்சு? ஐ-லீக் ஜெயிச்சா ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாமான்னா, அப்ப வழியே கிடையாது. அது காசு குடுத்து வாங்கற சீட்டு. அதே 2019 அக்டோபர்ல ஐ.எஸ்.எல்.தான் நாட்டோட முதல் லீக்னு முடிவாச்சு. அதாவது நம்மாளு ஜெயிச்ச அதே வருஷம், ஜெயிச்ச லீக்கு ரெண்டாம் கிளாஸ் ஆயிருச்சு. ஐ-லீக் சாம்பியனுக்கு மேல போற வழி தொறந்தது 2022-23 சீசன்லதான். அதுல பஞ்சாப் ஜெயிச்சு மேல போச்சு. சென்னை சிட்டி? கொரோனா வந்து, 2021ல எல்லா மேட்சையும் வங்காளத்துல ஆடி, அடுத்த சீசனுக்கு கிளப் லைசென்ஸ் விதிமுறையில தேறாம லீக்கை விட்டே போயிருச்சு. எங்கூரு பாஷையில, எஃப்சி கிடைக்கல. சாம்பியன் ஆகி மூணு வருஷம் கூட ஆகல. ஏணி வெச்சப்ப, ஏற வேண்டியவன் ஊர்லயே இல்ல.

கோயமுத்தூர்ல அதுக்கு ஒரு கண்டனக் கூட்டம் நடந்துச்சா? நான் உட்பட ஒருத்தரும் ஒண்ணும் கேட்கல. ஏன் கேட்கல? இங்கதான் விஷயமே இருக்கு.

அதே 2019, ஆகஸ்டு 27. இங்கிலாந்துல பரி எஃப்சின்னு ஒரு சின்ன ஊர் கிளப். 1894ல இருந்து லீக்ல இருந்தது. காசுப் பிரச்சினை, ஓனரால கணக்குக் காட்ட முடியல, 125 வருஷத்துக்கப்பறம் லீக்ல இருந்து தூக்கிட்டாங்க. அந்த ஊர்க்காரங்க என்ன பண்ணினாங்க? சாகட்டும்னு விடல. புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க, நன்கொடை சேர்த்தாங்க, 2022ல பழைய கிக் லேன் மைதானத்தையே வாங்கினாங்க, 2023ல மறுபடி அங்கயே ஆட ஆரம்பிச்சாங்க. எந்த லீக்ல? ரொம்ப ரொம்பக் கீழ. பரவாயில்லைன்னாங்க. ஏன்னா அந்தக் கிளப் ஓனரோடது மட்டும் இல்ல, தன்னோடதுன்னு நினைச்சாங்க.

நம்ம கிளப்புங்க கிட்ட அப்படி என்ன இருக்கு? மைதானம் அரசாங்கத்தோடது, மேட்சுக்கு மேட்ச் வாடகை. லீக் வேற ஒரு கம்பெனியோட ஒப்பந்தம். பேரு, லோகோ ஓனரோடது. 2025ல ஹைதராபாத் எஃப்சியை மூட்டை கட்டி டெல்லிக்கு அனுப்பி ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லின்னு போர்டு மாத்திட்டாங்க, ஞாபகம் இருக்கா? 2022ல ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச டீமுங்க அது! நம்பர் பிளேட்டை மாத்தி வேற மாநிலத்துல ஓட்டற வண்டி மாதிரி. ரசிகனைக் கேட்டாங்களா? ரசிகனுக்குக் கிளப்ல ஒரு பைசா பங்கு கிடையாது, ஒரு ஓட்டு கிடையாது. அவன் விசில் அடிக்க மட்டும்தான். விசில் அடிக்கறவன் கடை மூடும்போது அழுவான், ஆனா சாவியைக் கேட்க மாட்டான். நாங்க கோவையில கேட்காததுக்குக் காரணம் அதுதான்.

இப்ப வழக்கமான மூணு சால்ஜாப்புக்கு வர்றேன்.

சால்ஜாப்பு 1: "நம்மாளுக்கு ஃபுட்பால் புடிக்காது, பார்க்க ஆளில்ல, அதான் நஷ்டம்."

கோவையில அன்னிக்கு வந்தவங்க யாரு? வடசென்னை வியாசர்பாடியில வருஷம் பூரா ஆடறாங்களே, அவங்க யாரு? கன்னியாகுமரி கடக்கரைல செவன்ஸ் பார்க்க ராத்திரி முழிச்சு நிக்கறாங்களே? ஆள் இருக்கு. ஆனா ஒரு டீமை ஒரு ஊர்ல ரெண்டு மூணு வருஷம் வெச்சு, கோப்பை வாங்கினதும் காணாமப் போனா, எவன் அடுத்த டீம் மேல மனசை வைப்பான்? பழசுங்க இது. கொச்சி எஃப்சி 1997ல தடபுடலா ஆரம்பிச்சு அஞ்சாறு வருஷத்துல காலி. மகிந்திரா யுனைடெட், 2006ல தேசிய சாம்பியன், 2010ல மூடிட்டாங்க. ஜே.சி.டி., முதல் தேசிய லீக்கை ஜெயிச்ச டீம், 2011ல மூடிட்டாங்க. டிவியில சரியாக் காட்டறதில்ல, போட்ட காசுக்குப் பலன் இல்லைன்னாங்க. நம்ம இந்தியன் பேங்க் டீம் 90கள்ல தேசிய லீக்ல ஆடினது இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்? ரசிகன் வரலைன்னு சொல்றதுக்கு முன்னாடி, ரசிகனை எத்தனை தடவை நடுரோட்டுல எறக்கி விட்டிருக்கோம்னு எண்ணுங்க.

சால்ஜாப்பு 2: "காசு போடறது முதலாளி. அவரு இஷ்டத்துக்கு நிறுத்துவாரு. உனக்கென்ன?"

முதலாளிங்க நிறைய காசு போட்டாங்க, நஷ்டமும் பட்டாங்க. மறுக்கல. 2025 ஆகஸ்டுல 11 கிளப் சேர்ந்து, மொத்தமா மூட வேண்டி வரலாம்னு சம்மேளனத்துக்கு எழுதினதும் பொய் மிரட்டல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இங்க எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்கப்பா ரெண்டு லாரி வெச்சிருந்தாரு. ரெண்டும் ஃபைனான்ஸ். 2020 ஊரடங்குல லோடு கிடைக்காம ரெண்டு வண்டியும் செட்டுல நின்னுருச்சு. டியூ கட்ட வழியில்ல. ஆனா டிரைவர் அண்ணனுக்கு மாசா மாசம் பாதி சம்பளமும் ஒரு சிப்பம் அரிசியும் போயிட்டு இருந்துச்சு. அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு ஒரே ஆத்திரம், என் சம்பளத்துல அதுக்கும் போகுதேன்னு. "ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா டிரைவர் சம்பளம்?"னு கேட்டேன். "நாளைக்கு வண்டி எடுக்கறப்ப அவன் வேணும்ல கண்ணு. வண்டி நின்னது அவன் தப்பா?"ன்னாரு. அவ்வளவுதான். தத்துவம் எல்லாம் பேசல, மறுபடி பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

ரெண்டு லாரி ஓனருக்குத் தெரிஞ்சது, சினிமா நடிகரும் தொழிலதிபரும் பெரிய பெரிய குரூப்பும் வெச்சிருக்கற கிளப்புங்களுக்குத் தெரியாதா? லீக் நின்னது ஆட்டக்காரன் தப்பா? ஒரு ஆட்டக்காரனுக்கு சம்பாதிக்கற காலம் பத்துப் பன்னெண்டு வருஷம். அதுல ஒரு அரை வருஷத்தை வெட்டினா அவன் எங்க போய்த் திரும்ப வாங்குவான்? நான் பொட்டி தட்டறவன், ஒரு பிராஜக்ட் போனா பெஞ்சுல உக்காந்து ரெண்டு மாசம் சம்பளம் வாங்குவேன். அறுவது வயசு வரைக்கும் தட்டலாம். அவன் முப்பத்தஞ்சுல முடிஞ்சிருவான். பெங்களூருக்காரங்க சின்னப் பசங்க டீமையும் பயிற்சிப் பள்ளியையும் நிறுத்தலைன்னு சொன்னாங்க, அதுக்கு ஒரு வணக்கம். ஆனா சம்பளம்?

சால்ஜாப்பு 3: "கிரிக்கெட் மாதிரி சந்தை இல்ல, அதான்."

வாங்க, சூப்பர் கிங்ஸுக்கு வந்தாச்சு :-) எங்கூர்ல நின்னு பார்த்தா சிமெண்ட் ஃபேக்டரி தெரியும். இந்தியா சிமெண்ட்ஸ் கட்டினது. 2008ல சூப்பர் கிங்ஸை வாங்கின அதே கம்பெனி. (2024 டிசம்பர்ல அல்ட்ராடெக் கைக்குக் கம்பெனி போயிருச்சு, அது வேற கதை.) எங்கூருல சின்ன வயசுல மஞ்சள் ஜெர்சி போட்ட பசங்க "எங்க ஃபேக்டரி டீமு"ன்னே சொல்லித் திரிவோம். அந்த டீமை 2015ல ரெண்டு வருஷம் தடை பண்ணினாங்க. 2016, 2017 ரெண்டு சீசன் கிடையாது. என்னாச்சு? ஆட்டக்காரங்களைப் புனே, குஜராத்னு ரெண்டு புது டீம் எடுத்துக்குச்சு, மிச்சம் பேரு ஏலத்துக்குப் போனாங்க. லீக் ஓடிட்டே இருந்துச்சு. 2018ல டீம் திரும்பி வந்து கோப்பையைத் தூக்குச்சு. வண்டி நின்னுச்சு, டிரைவரை வேற வண்டிக்கு மாத்தி விட்டாங்க.

ஆகவே சந்தை பெரிசா சின்னதாங்கறது ரெண்டாவது கேள்வி. நிறுத்தினா ஆட்டக்காரன் எங்க போவான்னு ஏற்பாடு இருக்காங்கறதுதான் முதல் கேள்வி. ஃபுட்பால்ல அந்த ஏற்பாடு பூஜ்யம். லீக்கையே ஒத்தை ஒப்பந்தத்துல தொங்க விட்டா, அந்தக் கயிறு அறுந்தா எல்லாரும்தான் விழணும்.

இப்ப "குட்டி லீக் நடந்துச்சே"ங்கறதுக்கு வர்றேன். எஃப்சி இல்லாத வண்டியை அதிகாரி கருணை வெச்சு ஒரு ட்ரிப் மட்டும் விட்டாருன்னா, அது வண்டி சரியாயிருச்சுன்னு அர்த்தமா? ட்ரிப் முடிஞ்சா திரும்ப அதே செட்டு, அதே கவலை.

சும்மா திட்டிட்டுப் போகக் கூடாதுல்ல, என்ன பண்ணலாம்னும் சொல்றேன். என்னைய விட விவரம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல திருத்துங்க.

1. கிளப் லைசென்ஸ் குடுக்கறப்பவே, அந்த சீசனோட மொத்த சம்பளத்தையும் தனிக் கணக்குல முன்கூட்டிக் கட்டணும். கிளப் தொட முடியாத கணக்கு. லீக் நின்னாலும் ஆட்டக்காரனுக்கும் ஊழியருக்கும் அதுல இருந்து போகணும். கட்ட முடியாதா? அப்ப சம்பளத்தைக் குறைச்சுப் பேசு. முடியற அளவுக்கு டீம் எடு. இதுதான் உண்மையான எஃப்சி.

2. லீக் ஒப்பந்தம் முடியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகணும். இல்லைன்னா சம்மேளன நிர்வாகிகளோட படி, பயணச் செலவு எல்லாம் நிக்கணும். முதல் வெட்டு மேல இருந்து விழட்டும், பாருங்க எவ்வளவு வேகமா ஃபைல் நகருதுன்னு.

3. ரசிகனுக்குப் பங்கு. ஜெர்மனியில பெரும்பாலான கிளப்புல ஓட்டுரிமையில பாதிக்கு மேல உறுப்பினருங்க கையில இருக்கணும்னு விதி, 50+1ன்னு சொல்லுவாங்க. அந்த அளவுக்கு இங்க உடனே முடியாது, தெரியும். குறைஞ்சபட்சம் நூத்துக்குப் பத்துப் பங்கு, போர்டுல ஒரு நாற்காலி. ஊர் மாத்தறது, பேர் மாத்தறது, மூடறது மூணுக்கும் அந்த நாற்காலியோட சம்மதம் வேணும். எங்க பக்கம் ஏலச்சீட்டு நடத்தாத தெரு கிடையாது. ஆளுக்கு ஆயிரம் போட்டு நூறு பேர் சேர்ந்து நம்பிக்கையா நடத்தறோம். கிளப் பங்கு வாங்கத் தெரியாதா எங்களுக்கு?

4. ஏணியில எல்லாப் படியும் வேணும். மாவட்ட லீக்ல ஜெயிச்சா மாநிலம், அங்க ஜெயிச்சா நாடு. ஏறவும் வழி, இறங்கவும் வழி. பெரிய கிளப் ஒண்ணு சாஞ்சாலும் கீழ ஆட இடம் இருந்தா, பரி மாதிரி அங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். நம்மூர்ல சாஞ்சா நேரா குழி.

"இதெல்லாம் நடக்கற கதையா?"ன்னு சிரிப்பீங்க. சிரிங்க. டேங்கர்ல தண்ணி குடிச்ச ஊருக்குக் காவிரிக் குழாய் வரும்னு சொன்னப்பவும் எங்க பாட்டி சிரிச்சிருக்கு.

கடைசியா, அந்த எடது காலுக்காரன். 2019 மேட்சுக்கப்பறம் சித்தி நகையை வெச்சு ஒரு அகாடமியில சேர்த்தாங்க. பேரு வேண்டாம். ஒன்றரை வருஷத்துல அது மூடிட்டாங்க. ஷூவும் ரெண்டு செட் ஜெர்சியும் மிச்சம். கட்டின ஃபீஸ் வரல, கேட்கறதுக்கு ஃபோன் எடுக்க ஆளும் இல்ல. அப்பறம் காலேஜ் டீம்ல கொஞ்ச நாள். இப்ப ஊர்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல ரசீது எழுதறான். நல்லாத்தான் இருக்கான், குறை சொல்ற ஆளில்ல. அந்த ஆகஸ்டுல சென்னையின் செய்தி வந்த அன்னிக்கு எனக்கு வாட்ஸப் பண்ணினான்: "அண்ணா, கப்பு வாங்கினவங்களுக்கே இதான் கதின்னா, நான் சீக்கிரம் நிறுத்தினது நல்லதுதான் போல."

எனக்கு அந்த வரிக்குப் பதில் எழுதத் தெரியல. இருபத்தோரு வயசுல ஒருத்தன், ஆசைப்பட்டதை விட்டதே புத்திசாலித்தனம்னு சொல்றான், அதுவும் சரியாத்தான் சொல்றான். நண்பரே, நீங்க கேட்டீங்களே, கிளப் மூடினா என்ன குடி முழுகிருச்சுன்னு. இதான் முழுகினது.

போன தடவை ஊருக்குப் போனப்ப சாயங்காலம் மலையடிவாரத்துப் பக்கம் போனேன். புதுசா ஒரு செட்டுப் பசங்க ஆடிட்டு இருந்தாங்க. கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு செங்கல். இவன் ஆபீஸ் முடிச்சு பைக்கை ஓரமா நிறுத்திட்டு, பேண்டை மடிச்சு விட்டுட்டு உள்ள எறங்கினான். சின்னப் பசங்களுக்கு எடது கால்ல எப்படி மடக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். ஒரு பொடியன் கேட்டான், "அண்ணா, இதை வெச்சு எங்க போய் ஆடறது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

அந்தப் பொடியனுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க கையில தேதி போட்ட பேப்பர் இருக்கணும். அடுத்த தடவை யாராவது புதுக் கிளப், புது ஜெர்சி, புது லோகோன்னு வந்து நின்னா, விசில் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம். எங்கூரு பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கற அதே கேள்விதான்:

எஃப்சி எங்கப்பா?

பி.கு: அந்த நண்பர் மேல தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. அவரு பதிவு இல்லைன்னா இந்தப் பதிவும் இல்ல. கும்மி அடிக்கறவங்க அடிங்க, பொட்டியைத் தொறந்துதான் வெச்சிருக்கேன். கோவை மேட்சுக்கு அன்னிக்கு வந்தவங்க யாராவது இருந்தா கண்டிப்பா ஒரு வரி போட்டுட்டுப் போங்க. பாக்கு போட்ட அந்தப் பெரியவர் யாருக்காவது தெரிஞ்சவரா இருந்தா, ஒரு வணக்கம் சொல்லிருங்க.